அம்புக்குறிகளை முதலில் கேளுங்கள்: ஏஐ துணையோடு உயிர்வேதிப் பாதைப் படம் வரைவது

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் 19 ஆண்டுகளாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் கரும்பலகையைப் பார்க்காமலே வரைந்துவிடுவேன். ஆனால் வெளியிலிருந்து வரும் செய்தி செல்லுக்குள் கைமாறிப் போகும் வழிகளான சமிக்ஞைப் பாதைகள் அப்படி அடங்குவதில்லை. பலகையின் இடது மூலையில் தொடங்கினால் உட்கரு வரும்போது இடம் தீர்ந்துபோகும். அதனால் படம் உருவாக்கும் ஏஐ செயலிகள் வந்தபோது, என்னைப் போல ஆசைப்பட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

போன ஜூலையில் ஒரு நாள் இரவு, இன்சுலின் சமிக்ஞைப் பாதையை வரைந்து தரும்படி அத்தகைய ஒரு செயலியிடம் ஒரே வரியில் கேட்டேன். அரை நிமிடத்தில் படம் வந்தது. செல் சவ்வு மீன் செதிலாக மின்னியது, மைட்டோகாண்ட்ரியா பலாச்சுளை நிறத்தில் பளபளத்தது. மயங்கிப்போய் மறுநாள் திரையில் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், இன்சுலின் நேராக உட்கருவுக்குள் போகிறதே, அப்படியானால் ஏற்பி எதற்கு?" திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், தடித்த அம்பு ஒன்று இன்சுலினை உட்கருவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. பெயர்களில் பாதி எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். இன்சுலின் செல்லுக்கு வெளியே நின்று ஏற்பியைப் பிடிக்கிறது, செய்திதான் உள்ளே போகிறது என்பதை அதற்கு முந்தைய வகுப்பில்தான் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தேன். (பிறகு ஏற்பியோடு சேர்த்து இன்சுலினும் உள்ளிழுக்கப்படும். அது வேறு கதை.)

எனக்கு நடந்தது ஒரு வகுப்பறையோடு முடிந்தது. 2024 பிப்ரவரி 13 அன்று ஃபிரான்டியர்ஸ் குழுமத்தின் செல் உயிரியல் இதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்கு உலகமே பார்வையாளர் ஆகிவிட்டது. அதிலிருந்த, உறுப்புகள் அபத்தமாகப் பெருத்த எலிப் படத்தைப் பலர் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அதே கட்டுரையின் இன்னொரு படம் ஜேக்-ஸ்டாட் சமிக்ஞைப் பாதை. பெயர்கள் உளறல், அம்புகள் எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடிந்தன. மிட்ஜர்னி என்ற ஏஐ செயலியைக் கொண்டு படங்களை உருவாக்கியதாகக் கட்டுரையாளர்களே வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர்களையும் தாண்டி அச்சேறி, மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது.

ஏன் இப்படி ஆகிறது? படம் உருவாக்கும் செயலி கற்றுக்கொண்டது பாதைப் படங்களின் தோற்றத்தை. அதற்கு அம்பு ஓர் அலங்காரம். நமக்கோ அம்பு ஒரு வாக்கியம். வால் எழுவாய், முனை தொடும் இடம் செயப்படுபொருள், முனையின் வடிவம் பயனிலை. கூர் முனை இருந்தால் 'தூண்டுகிறது', மழுங்கிய குறுக்குக்கோடு இருந்தால் 'தடுக்கிறது'. முனை மாறினால் பொருளே தலைகீழாகும். ஆகவே நான் இப்போது ஏஐயிடம் படம் கேட்பதே இல்லை. முதலில் வாக்கியங்களைக் கேட்கிறேன், ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறேன், பிறகு அவற்றைப் படமாக்கும் நிரலை எழுதச் சொல்கிறேன். இன்சுலினையே எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் சொல்கிறேன்.

தாளும் பென்சிலும்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். என்னுடையது: 'சாப்பிட்ட பிறகு தசைச் செல் எப்படிக் குளுக்கோஸை உள்ளே இழுக்கிறது?' 'இன்சுலின் பாதை' என்பது கேள்வி அன்று, கடல். உயிர்வேதிப் பாதைகளைத் தொகுத்து வைத்திருக்கும் கெக் தரவுத்தளத்தில் 04910 என்ற எண்ணுள்ள இன்சுலின் வரைபடத்தைப் பாருங்கள். கல்லீரல், தசை, கொழுப்புத் திசு என எல்லாவற்றின் கதையும் ஒரே பலகையில் நெரிகிறது. ஆராய்ச்சியாளருக்கு அது பொக்கிஷம். இரண்டாமாண்டு மாணவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி.

திசுவைக் குறிப்பிடாமல் கேட்டால் ஏஐயும் அதையேதான் செய்யும். இன்சுலின் சொன்னவுடன் சவ்வுக்கு வந்து சேரும் குளுட்4 என்ற குளுக்கோஸ் கடத்தி தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ளது. கல்லீரல் நம்பியிருப்பது குளுட்2 கடத்தியை, அது இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டையும் ஒரே செல்லில் வரைந்த படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். ஏஐ அவற்றையும் சேர்த்துத்தான் விழுங்கியிருக்கிறது.

பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். என் வரம்பு 15. பதினாறாவது பெட்டி தேவைப்பட்டால் அது இன்னொரு படம்.

அட்டவணை கேட்பது

நான் உரையாடல் ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மனிதத் தசைச் செல். இன்சுலின் ஏற்பியில் தொடங்கி, குளுட்4 சவ்வுக்கு வந்து சேர்வது வரை. படம் வேண்டாம், அட்டவணை மட்டும். ஒரு வரிக்கு ஒரே நிகழ்வு. பத்திகள்: எது, எதன்மீது, என்ன செய்கிறது, அதனால் அதன் செயல்பாடு கூடுகிறதா குறைகிறதா, செல்லில் எந்த இடம், நேரடியா மறைமுகமா. ஒவ்வொரு புரதத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட மரபணுப் பெயர்க் குறியீட்டை எழுது. ஒரே புரதத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒரே வரியில் வை. உறுதியில்லாத வரிக்குக் கேள்விக்குறி போடு."

நான்காவது பத்தியை முதல் முறை விட்டுவிட்டேன். 'பாஸ்பேட் ஏற்றுகிறது' என்று வரிசையாக வந்தது. சரிதான், ஆனால் அதனால் என்ன ஆயிற்று? பாஸ்பேட் ஏறினால் புரதம் விழித்துக்கொள்ளும் என்று நம் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். இந்தப் பாதையிலேயே அதற்கு மாறான இடங்கள் உண்டு. ஏகேடி நொதி ஜிஎஸ்கே3 என்ற இன்னொரு நொதியின் மீது பாஸ்பேட்டை ஏற்றும்போது ஜிஎஸ்கே3 முடங்குகிறது. முடங்காமல் இருக்கும் ஜிஎஸ்கே3, கிளைக்கோஜனை உருவாக்கும் கிளைக்கோஜன் சிந்தேஸ் மீது பாஸ்பேட்டை ஏற்றும், அப்போது அந்தச் சிந்தேஸ் முடங்கும். ஆக, இன்சுலின் வந்தால் தடுப்பவனைத் தடுத்து, கிளைக்கோஜன் உருவாக வழிவிடுகிறது. இரண்டு எதிர்மறை சேர்ந்து ஒரு நேர்மறை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதா என்ன? 'செய்யாமல் இல்லை' என்றால் செய்தான் என்றுதானே பொருள்.

கட்டளையைத் தமிழில் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் அட்டவணையை ஆங்கிலத்தில் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, தமிழ்ப் பெயர்களைக் கடைசியில் நானே போடுகிறேன். ஏஐயிடம் விட்டால் ஒரு பெட்டியில் 'ஏற்பி', அடுத்ததில் 'வாங்கி', மூன்றாவதில் 'ரிசெப்டர்' என்று வரும். மேல்நிலைப் பள்ளிப் பாடநூலில் உள்ள சொற்களை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறேன். மாணவர்கள் ஏற்கெனவே அறிந்த சொல் அதுதான். அந்தப் பட்டியலை ஒட்டி, 'இதில் உள்ள சொற்களையே பயன்படுத்து' என்று சொன்னால் ஓரளவு கேட்கும்.

சரிபார்ப்பது

சலிப்பான வேலைதான், ஆனால் மொத்த நேரத்தில் பாதிக்குமேல் இதற்கே போகட்டும். எனக்கு வந்த அட்டவணையில் 17 வரிகள். அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கெக், இன்னொரு பக்கம் ரியாக்டோம் என்ற மற்றொரு பாதைத் தரவுத்தளம், மடியில் பாடநூல். நான்கு வரிகள் தேறவில்லை. அவை எப்படிப்பட்ட பிழைகள் என்று சொன்னால் உங்கள் பாதை வேறாக இருந்தாலும் எங்கே தேடவேண்டும் என்று புரியும்.

முதல் பிழை, ஒருவரை இருவராக்கியது. ஏகேடிக்கு இன்னொரு பெயர் பிகேபி. அட்டவணையில் ஏகேடி பிகேபியைத் தூண்டிக்கொண்டிருந்தது, தன் நிழலோடு தானே கைகுலுக்கும் கோலத்தில். ஏஎஸ்160, டிபிசி1டி4 என்ற புரதப் பெயர்கள் இரண்டும் ஒன்றே என்பதையும் அடுத்த முறை கவனித்துக்கொண்டேன்.

இரண்டாவது, இருவரை ஒருவராக்கியது. இது நஞ்சு. பிடிகே1 என்று ஆய்வு இலக்கியத்தில் இரண்டு நொதிகள் உண்டு. ஏகேடியின் 308ஆம் இடத்திலுள்ள திரியோனைன் என்ற அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவில் பைருவேட் டிஹைட்ரஜனேஸை முடக்குவது மற்றொன்று. அங்கீகரிக்கப்பட்ட குறியீட்டில் பிடிகே1 என்பது இந்த இரண்டாவதுக்குத்தான் உரியது. நமக்கு வேண்டியது பிடிபிகே1. ஏஐ எழுதிய குறியீடு தவறான ஆளைக் காட்டியது. படமாக வந்திருந்தால் இதை நான் பிடித்திருக்கவே மாட்டேன், ஏனென்றால் பெட்டியில் 'பிடிகே1' என்று அழகாக இருந்திருக்கும்.

மூன்றாவது, படி தாண்டியது. பிஐ3கே என்ற நொதி ஏகேடியைத் தூண்டுகிறது என்று ஒரே தாவல். பிஐ3கே செய்வது சவ்விலுள்ள பிப்2 என்ற கொழுப்பைப் பிப்3 ஆக மாற்றுவது. அந்தப் பிப்3தான் ஏகேடியையும் பிடிபிகே1ஐயும் சவ்வுக்கு அழைத்து அருகருகே நிறுத்துகிறது. அந்தக் கொழுப்பை விட்டுவிட்டால், பிப்3ஐத் திரும்பப் பிப்2 ஆக்கும் பிடென் எங்கே வந்து ஒட்டும்?

நான்காவது, முனை மாறியது. ஏகேடி ஜிஎஸ்கே3ஐத் 'தூண்டுகிறது' என்றிருந்தது. மேலே சொன்ன இரட்டை எதிர்மறையில் ஒன்றைத் தொலைத்துவிட்டது.

சரிபார்க்க இன்னொரு ஏஐயைப் பயன்படுத்தலாமா? செய்து பார்த்தேன். புதிய உரையாடலில் அட்டவணையை ஒட்டி 'இதில் மூன்று பிழைகள் உள்ளன, கண்டுபிடி' என்றேன். மூன்று பிழைகளைக் கொடுத்தது. திருத்திய சரியான அட்டவணையைக் கொடுத்து அதையே கேட்டேன். அப்போதும் மூன்று கொடுத்தது. கேட்டவர் மனம் கோணக்கூடாது என்ற பண்பு அதற்கு அதிகம்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. அட்டவணையில் ஒரு புரதத்தை விரலால் மறைத்துவிட்டு, விளைவை நீங்களே நடந்து பாருங்கள். வோர்ட்மனின் என்ற சேர்மம் பிஐ3கேயை முடக்கும். பிஐ3கேயை மறைத்தால் பிப்3 இல்லை, ஏகேடி விழிக்காது, ஏகேடி தடுத்திருக்க வேண்டிய ஏஎஸ்160 தடையின்றி, பைகளை நகர்த்தும் ராப் புரதங்களை முடக்கியே வைத்திருக்கும், குளுட்4 பைகள் உள்ளேயே தங்கும், குளுக்கோஸ் உள்ளே வராது. சோதனைச்சாலையிலும் வோர்ட்மனின் போட்டால் இன்சுலின் தூண்டும் குளுக்கோஸ் உள்ளெடுப்பு நிற்கிறது. பொருந்துகிறது. அடுத்து பிடெனை மறையுங்கள். பிப்3 சேர வேண்டும், ஏகேடி கூட வேண்டும். உங்கள் அட்டவணை வேறு பதில் சொன்னால் எங்கோ ஓர் அம்பு இல்லை, அல்லது முனை மாறியிருக்கிறது.

வரைவது

அட்டவணை தேறிய பிறகு படம் அரை மணி நேர வேலை. கிராப்விஸ் என்ற இலவச மென்பொருள் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்தது, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு அம்பு என்று 'டாட்' மொழியில் எழுதிக்கொடுத்தால் இடத்தைத் தானே கணக்கிட்டு வரையும். டாட் மொழியை நீங்கள் கற்க வேண்டாம். ஏஐயிடம் சரிபார்த்த அட்டவணையை ஒட்டி இப்படிச் சொல்லுங்கள்: மேலிருந்து கீழாக ஓடட்டும், செல்லுக்கு வெளியே, சவ்வு, சைட்டோபிளாசம் என மூன்று கட்டங்களாகப் பிரி, தடுக்கும் அம்புக்கு 'டீ' (T வடிவ) முனை, மறைமுகமானவற்றுக்குப் புள்ளிக்கோடு, அட்டவணையில் இல்லாத எதையும் சேர்க்காதே. கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் தன் சார்பில் எம்டார் என்ற வேறொரு புரதத்தின் பக்கம் இரண்டு பெட்டிகளை மொய் எழுதிவிடும்.

கிடைத்த நிரலைக் கிராப்விஸை இயக்கும் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தில் ஒட்டினால் படம் வரும். இரண்டு இடத்தில் சிக்கலாம். கட்டங்களின் எல்லைக்கோடு வராவிட்டால், உட்குழுவின் பெயர் 'கிளஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படித் தொடங்கினால்தான் கிராப்விஸ் சுற்றிக் கட்டம் போடும். பிழைச் செய்தி வந்தால் அதை அப்படியே ஏஐயிடம் ஒட்டுங்கள், திருத்தித் தரும். இந்த விஷயத்தில் அது கெட்டிக்காரப் பிள்ளை.

தமிழ்ப் பெயர்களுக்கு: நிரலில் பெட்டிகளின் அடையாளம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், வெளியே தெரியும் பெயரை மட்டும் தமிழாக்குங்கள். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் என்று குறிப்பிடுங்கள். படத்தை எஸ்விஜி வடிவில் சேமித்து இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, இறுதியில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் அச்சகத்துக்கு அனுப்பினேன். 'கொழுப்பு' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ககரம் அநாதையாக நின்றது. வடிவமாக்கும் முன் ஒரு நகலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எழுத்தைத் திருத்த முடியாது.

நிறங்களை நம்பாதீர்கள். எங்கள் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் எல்லா நிறமும் ஒரே சாம்பல். பச்சை தூண்டுதல், சிவப்பு தடுப்பு என்று வரைந்தால் நகலில் இரண்டும் ஒன்று. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத மாணவர்களுக்கு அசல் தாளிலும் அதே கதிதான். முனையின் வடிவமே பேசட்டும். நிறம் வேண்டுமென்றால் நீலமும் ஆரஞ்சும் போடுங்கள்.

கிளைக்காலிசிஸ், சிட்ரிக் அமிலச் சுழற்சி போன்ற வளர்சிதை மாற்றப் பாதைகளுக்கு இந்த வழி அவ்வளவு பொருந்தாது. பக்கவாட்டில் ஏடிபி உள்ளே வந்து ஏடிபியாக வெளியே போகும் அந்த வளைந்த அம்புகளைக் கிராப்விஸ் கோரமாக வரையும். (முன்னது மூன்று பாஸ்பேட், பின்னது இரண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுகிற தொல்லைக்கு நான் பின்னதை 'ஏடிபி-இரண்டு' என்று எழுதித் தப்பிக்கிறேன்.) விக்கிபாத்வேஸ் தளத்தில் அந்தப் பாதைகள் எந்தக் கட்டுப்பாடும் இன்றிப் பயன்படுத்தும் உரிமத்தில் கிடைக்கின்றன. இறக்கி, பாத்விசியோ மென்பொருளில் திறந்து, வேண்டாததை அழியுங்கள். ஏஐ இங்கே கணக்குப்பிள்ளை வேலைக்கு மட்டும். அதையும் நீங்கள் கூட்டிப் பாருங்கள். ஆறு கார்பன் சர்க்கரை அல்டோலேஸ் படியில் மூன்றும் மூன்றுமாகப் பிளந்த பிறகு எல்லாம் இரட்டிப்பாகிறது. செலவு 2, வரவு 4, நிகரம் 2 ஏடிபி. ஏஐ தரும் படிகளில் பாதியில் இரட்டிப்பதை மறந்துவிட்டு, கடைசியில் மனப்பாடம் செய்த '2'ஐ எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் என் மாணவர்கள் செய்வதும் இதையேதான்.

வகுப்பில்

முழுப் படத்தையும் முதல் நாளே காட்டாதீர்கள். நிரல் கையில் இருப்பதன் பெரிய வசதி, அதைத் துண்டாக்கலாம் என்பது. 'இதை ஐந்து கட்டங்களாகப் பிரி, ஒவ்வொன்றிலும் முந்தையது மங்கலாகவும் புதியது அழுத்தமாகவும் இருக்கட்டும், பெட்டிகள் இடம் மாறக்கூடாது' என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் வெளிச்சப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் போட்டு என் ஆசிரியர் நடத்தியது இப்படித்தான். இன்னொரு பிரதியில் அம்பு முனைகளை எல்லாம் நீக்கி வெறும் கோடுகளாகக் கொடுங்கள், முனைகளை மாணவர்கள் போடட்டும். பத்து நிமிடத்தில் யாருக்கு என்ன புரிந்தது என்று தெரிந்துவிடும்.

ஜூலையில் என் மானத்தை வாங்கிய படத்தை நான் தூக்கிப் போடவில்லை. ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி, ஒரு சிவப்புப் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பிழை கண்டவர் வட்டமிட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். இதுவரை 14 வட்டங்கள். அவற்றில் இரண்டு எனக்கே தோன்றாதவை.

ஆய்வுக் கட்டுரைக்கு

இங்கே விதிகள் வேறு. ஏஐ உருவாக்கிய படங்களை வெளியிடுவதில்லை என்று நேச்சர் இதழ் 2023இலேயே அறிவித்தது. எல்சவியர் இதழ்களும் கட்டுரைப் படங்களை அப்படி உருவாக்குவதையோ திருத்துவதையோ பொதுவாக ஏற்பதில்லை. சரிபார்த்த அட்டவணையிலிருந்து கிராப்விஸ் வரைந்தது வேறு வகை என்பது என் வாதம், ஆனாலும் அனுப்பும் முன் அந்த இதழின் அன்றைய விதியைப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நிரல் எழுத ஏஐ உதவியது என்பதை முறைகள் பகுதியில் எழுதிவிடுங்கள். கெக் வரைபடத்தை அப்படியே கட்டுரையில் ஒட்ட அனுமதி பெற வேண்டும், பார்த்து வரைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரபணு வெளிப்பாட்டு அளவுகளைப் பாதையின்மேல் நிறமாக ஏற்ற வேண்டுமா? எண்களை ஏஐயிடம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்லாதீர்கள். இன்னும் வெளியிடாத தரவைப் பொதுச் செயலியில் ஒட்டுவதே தவறு. ஆர் நிரல் மொழியில் பாத்வியூ என்ற தொகுப்பு இதற்காகவே இருக்கிறது, சைட்டோஸ்கேப் என்ற மென்பொருளும் செய்யும். பத்து போலி எண்களைக் கொடுத்து ஏஐயிடம் நிரலை எழுதி வாங்குங்கள். உண்மையான எண்களை உங்கள் கணினியில் நீங்களே ஓட்டுங்கள்.

பென்சில் குறிகளோடு கூடிய அந்த அட்டவணைத் தாளையும் ஸ்கேன் செய்து, நிரலோடும் படத்தோடும் ஒரே கோப்புறையில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒரே ஓர் அம்பின்மேல் விரல் வைத்து "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். பையன் 12ஆம் வரியை எடுத்துக் காட்டினான், அவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.